பெட்டியைச் செய்தது யார்?

(பழைய மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலை நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உங்க தொழில் அனுபவத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்க" என்றார். தகடு வெட்டி, மடித்து, பற்றவைத்துக் கொடுக்கிற தொழில் எனக்கு. அம்பத்தூரில் முப்பத்தைந்து வருடமாகப் பட்டறை. ஏர்கண்டிஷன் டக்ட், எலக்ட்ரிகல் பேனல் பெட்டி, ஓட்டல் சமையலறைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேஜை. இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். அதனால், என்னுடையது போன்ற ஒரு பட்டறையில் பெட்டி செய்து வாங்கி, அந்தப் பெட்டிகளாலேயே சிற்பக் கலையின் போக்கை மாற்றிய ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "சிற்பியா? இஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு அது எப்படி சார் புரியும்?" என்று கேட்டார். பட்டறை தெரிந்தவனுக்குத்தான் இவரை நன்றாகப் புரியும் என்பது என் கட்சி.

அவர் பெயர் டொனால்ட் ஜட். 1928 ஜூன் 3-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், எக்ஸல்சியர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்கு வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனியில் உத்தியோகம். மாற்றலுக்கு மேல் மாற்றல். குடும்பம் ஊர் ஊராகப் போயிற்று. 1946-ல் ராணுவத்தில் சேர்ந்து, பொறியியல் பிரிவில் கொரியாவுக்குப் போனார். போகிற வழியில், அந்த டிசம்பரில், மேற்கு டெக்சாஸ் வழியாகப் பஸ் பயணம். வேன் ஹார்ன் என்ற ஊரிலிருந்து அம்மாவுக்கு ஒரு தந்தி அடித்தார். ஊர் நன்றாக இருக்கிறது, நிலம் அழகு, மலைகள் இருக்கின்றன என்று நாலே வார்த்தை. ஊரின் ஜனத்தொகையையும் மறக்காமல் சேர்த்திருந்தார். தந்திக்காரர் பிள்ளை அல்லவா! அந்த மேற்கு டெக்சாஸ் வெட்டவெளிக்குப் பிறகு மறுபடி வருவோம்.

திரும்பி வந்து நியூயார்க்கில் இரண்டு படிப்பு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம்; ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்ற பள்ளியில் ஓவியம். 1953-ல் தத்துவப் பட்டம் வாங்கினார். பிற்பாடு அதே கொலம்பியாவில் கலை வரலாறும் படித்தார். 1959 முதல் 1965 வரை 'ஆர்ட்ஸ்' பத்திரிகையில் மாதாமாதம் கண்காட்சி விமரிசனம் எழுதினார். நூற்றுக்கணக்கான விமரிசனங்கள். குட்டி வாக்கியங்கள். அலங்காரம் கிடையாது. இது நன்றாக இருக்கிறது, இது இல்லை, காரணம் இது. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த நடை உடனே பிடித்துப்போகும்.

ஓவியராகத்தான் தொடங்கினார். ஆனால் ஓவியத்தோடு அவருக்கு ஒரு தீராத சண்டை. துணியில் ஒரு கோடு போட்டாலே ஒரு பக்கம் முன்னால் வருகிறது, மறுபக்கம் பின்னால் போகிறது. இல்லாத ஆழத்தை இருப்பதாகக் காட்டுகிற வேலை அது. தட்டையான துணி ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டார். 1962 வாக்கில் சுவரை விட்டுத் தரைக்கு வந்தார். பலகையை இணைத்து, பளிச்சென்ற சிவப்பு வர்ணம் அடித்து, அப்படியே தரையில் வைத்தார். பீடம் கிடையாது. ஏன் சிவப்பு? அந்தச் சிவப்பில்தான் விளிம்பும் மூலையும் கூர்மையாகத் தெரியும் என்றார். ஆரம்பத்தில் மர வேலைக்கு அப்பாதான் உதவி. 1963-ல் நியூயார்க் கிரீன் கேலரியில் இவற்றைத் தனிக் கண்காட்சியாக வைத்தபோது ஜட்டுக்கு வயது முப்பத்தைந்து.

அடுத்த வருடம்தான் நம் கதை தொடங்குகிறது. 1964-ல் பெர்ன்ஸ்டைன் பிரதர்ஸ் என்ற நியூயார்க் ஷீட் மெட்டல் பட்டறைக்கு ஜட் டிராயிங்கோடு போனார். இரும்பு, அலுமினியம், பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று தகட்டில் அவருடைய பெட்டிகள் அங்கே உருவாயின. பட்டறைக்காரர்கள் முதலில் என்ன நினைத்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. என்னிடம் ஒருவர் வந்து, "உள்ளே ஒண்ணும் வைக்கப் போறதில்லை, மூடி வேணாம், பூட்டு வேணாம், பெட்டி மட்டும் போதும், ஆனா மூலை பிசகக் கூடாது" என்று சொன்னால் நான் முதலில் அட்வான்ஸ் கேட்பேன்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இது சின்ன விஷயம் இல்லை. ஜாக்சன் பொல்லாக் போன்றவர்களின் காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஓவியன் கையை வீசுவதுதான் கலை, அந்த வீச்சின் தடம்தான் அவன் கையெழுத்து என்று ஊரே நம்பியது. ஜட் பொல்லாக்கை மிகவும் மதித்தவர்தான். ஆனால் தன் பெட்டியில் தன் கைத்தடம் எதுவும் வேண்டாம் என்றார். உடனே ஒரு கேள்வி கிளம்பியது. நீ தொடவே இல்லை, கூலி கொடுத்துச் செய்து வாங்கினாய், இது எப்படி உன் படைப்பு?

நாம் எல்லோரும் டிராயிங் ஹாலில் வளர்ந்தவர்கள். டிராயிங்கின் வலது கீழ் மூலையில் கட்டம் கட்டமாக இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். தகட்டை மடித்தவருக்கு அங்கே கட்டம் கிடையாது. நாற்பது வருடமாக நான் பார்த்த எந்த டிராயிங்கிலும் கிடையாது. ஜட்டின் பல படைப்புகளின் பின்புறத்தைத் திருப்பினால் அங்கே ஒரு முத்திரை இருக்கிறது. ஜட் என்ற பெயர், ஒரு ஜாப் நம்பர், பெர்ன்ஸ்டைன் பிரதர்ஸ். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். கோடிக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகிற பொருளின் முதுகில் பட்டறையின் ஜாப் நம்பர்! ஏலக் கம்பெனிகளின் கேட்லாக்கில் அதையும் ஒரு வரி விடாமல் அச்சிடுகிறார்கள்.

இதைப் படித்த பிறகு எங்கள் பட்டறையில் ஒவ்வொரு பேனலின் உட்புறத்திலும் ஜாப் நம்பரோடு மடித்தவரின் இனிஷியலையும் பஞ்ச் அடிக்கச் சொன்னேன். ஒரு வாடிக்கையாளர் வேண்டாம் என்றார். ஆர்டர் போயிற்று. பஞ்ச் இன்னும் அடிக்கிறோம்.

சரி, தியரிக்கு வருவோம். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1965-ல் 'ஸ்பெசிஃபிக் ஆப்ஜெக்ட்ஸ்' என்ற கட்டுரையை ஜட் வெளியிட்டார். 'இன்ன பொருள்' என்று குறித்துச் சொல்லத்தக்க பொருள் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வந்துகொண்டிருந்த நல்ல படைப்புகளில் பாதிக்கு மேல் ஓவியமும் இல்லை, சிற்பமும் இல்லை என்று தொடங்குகிறார். பழைய சிற்பம் உறுப்பு உறுப்பாகச் சேர்த்தது. தலை முக்கியம், கை அதற்கு அடுத்தது, பீடம் கடைசி. புதியது அப்படியில்லை; முழுப் பொருளாக ஒரே தடவையில் கண்ணில் படுகிறது. அலுமினியம் அலுமினியமாகவே இருக்கிறது. கல் போலவோ சதை போலவோ நடிப்பதில்லை. மூன்று பரிமாணம் என்பது நிஜமான இடம், அதில் பொய்த்தோற்றத்துக்கு வேலை இல்லை என்கிறார். அந்தக் கட்டுரையில் தன்னைப் பற்றிப் பேசுவதைவிட லீ பான்டெகூ, ஜான் சேம்பர்லின், யாயோய் குசாமா போன்ற மற்றவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார். எனக்குப் பிடித்த விஷயம் அது.

அடுத்த வருடம் ராபர்ட் மாரிஸ் என்ற இன்னொரு சிற்பி தம் கட்டுரைகளை எழுதினார். பொருளைவிட, அதைச் சுற்றி நடக்கிற ஆளின் உடம்புதான் அவருக்கு முக்கியம். 1967-ல் மைக்கேல் ஃப்ரைட் என்ற விமரிசகர் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தார்: இது கலை இல்லை, பார்ப்பவனை எதிரே நிறுத்தி வைத்து நடத்துகிற நாடகம் என்றார். தாக்கி எழுதிய அந்தக் கட்டுரைதான் இன்றைக்கும் கலைக் கல்லூரிகளில் இவர்கள் கட்டுரைகளோடு சேர்த்துப் பாடமாக இருக்கிறது. 'மினிமலிசம்' என்ற பெயரும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். ஜட்டுக்கு அந்தப் பெயர் கடைசி வரை பிடிக்கவில்லை.

இளைய நண்பர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். சுவரில் மாட்டும் சில நீளப் படைப்புகளில், எந்தத் துண்டு எவ்வளவு அகலம், எந்த இடைவெளி எவ்வளவு என்பதை ஜட் தன் ரசனைப்படி வைக்கவில்லை. எண் வரிசைப்படி வைத்தார். சிலவற்றுக்கு ஃபிபனாச்சி. சிலவற்றுக்கு ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்று போகிற வரிசை. கணக்குக்காக இல்லை, 'இங்கே கொஞ்சம் அழகாக இருக்கட்டும்' என்று கை அரிக்கும் பாருங்கள், அதை அடக்குவதற்காக. சுவரில் செங்குத்தாக ஏறுகிற பெட்டி வரிசைகளிலும் இதே கறார்தான். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள 1967-ம் வருடப் படைப்பில் பன்னிரண்டு பெட்டி. ஒவ்வொன்றின் உயரமும் ஒன்பது அங்குலம், நடுவில் விடும் இடைவெளியும் ஒன்பது அங்குலம். காலி இடத்துக்கும் பெட்டிக்கும் ஒரே மரியாதை.

1968-ல் விட்னி அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி. அதே வருடம் நியூயார்க் ஸ்பிரிங் தெருவில் 1870-ல் கட்டிய ஐந்து மாடி வார்ப்பிரும்புக் கட்டடத்தை வாங்கினார். நாற்பது வயதில் பேரும் புகழும் வந்தாகிவிட்டது. அங்கேயே இருந்து மாதம் ஒரு பெட்டிக்கு டிராயிங் போட்டுக் கொடுத்திருந்தால் நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் அருங்காட்சியகங்கள் தன் வேலையை நடத்துகிற விதம் அவருக்குப் பொறுக்கவில்லை. லாரியில் ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள், மூலையில் கீறல். தப்பான அறை, தப்பான வெளிச்சம், ஆறு வாரம் கழித்து மறுபடி லாரி. ஒரு பொருள் எங்கே நிற்கிறது என்பது அந்தப் பொருளில் பாதி என்பது அவர் கட்சி. நிரந்தரமாக ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு இடம் தேடித்தான் மறுபடி அந்த மேற்கு டெக்சாஸ்.

ஊர் பெயர் மார்ஃபா. இன்றைக்கும் ஜனத்தொகை இரண்டாயிரத்தைத் தாண்டாது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே போய், ஊருக்கு நடுவே பழைய விமானக் கொட்டகைகள் இருந்த ஒரு மனையை வாங்கி, சுற்றி ஒன்பதடிக்கு மண் செங்கல் சுவர் எழுப்பி, மகன் ஃப்ளேவினோடும் மகள் ரெய்னரோடும் குடியிருந்தார். பிள்ளைகளுக்குக் கட்டில் வாங்க ஊரில் கடை இல்லை என்பதால் பலகை வெட்டித் தானே செய்யப் போய், அதுவே ஜட் மரச்சாமான் என்று தனிப் புகழ் பெற்றது. ஆனால் நாற்காலி நாற்காலிதான், அது கலை இல்லை என்று சாதித்தார். அதில் அவருக்கு எந்தக் குழப்பமும் கிடையாது.

ஊருக்கு வெளியே டி. ஏ. ரஸ்ஸல் கோட்டை என்ற கைவிடப்பட்ட ராணுவ முகாம். அதை வாங்கப் பணம் கொடுத்தது டியா என்ற கலை அறக்கட்டளை. அந்தப் பணத்தின் மூலம் என்ன தெரியுமா? எண்ணெய்க் கிணறு அளக்கிற ஷ்லம்பர்ஜர் கம்பெனிக் குடும்பத்துச் சொத்து. ஆமாம், நம்ம பையன்கள் இன்டர்வியூவுக்கு டை கட்டிக்கொண்டு போகிறார்களே, அதே ஷ்லம்பர்ஜர்தான். 1980-களில் எண்ணெய் விலை சரிந்ததும் அறக்கட்டளை கையை விரித்தது. வழக்குப் போடுவேன் என்று ஜட் கிளம்ப, கடைசியில் சமரசமாகி, நிலமும் படைப்புகளும் 1986-ல் சினாட்டி அறக்கட்டளை என்ற தனி அமைப்புக்கு வந்தன. முகாமின் குடியிருப்புகளில் டான் ஃப்ளேவினின் டியூப் லைட் படைப்புகள் இருக்கின்றன. ஊருக்குள் பழைய கம்பளி மண்டி ஒன்றில் ஜான் சேம்பர்லினின் நசுக்கிய கார்கள். அவற்றை நான் வேகமாகத்தான் பார்த்தேன். நான் போனது பெட்டிக்காக.

2017 நவம்பரில் போனேன். மகள் வீடு ஹூஸ்டனில். அங்கிருந்து கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். மாப்பிள்ளைதான் வண்டி ஓட்டினார். முதலில் கான்கிரீட் வேலை. 1980 முதல் 1984 வரை அந்த இடத்திலேயே வார்த்து நிறுத்தியவை. பதினைந்து தொகுதிகள், காட்டுப்புல் நடுவே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கோடாக. ஒவ்வொரு பெட்டியும் இரண்டரை மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். பலகையின் கனம் 25 சென்டிமீட்டர். மாப்பிள்ளை இரண்டு மூன்று பெட்டிகள் வரை பொறுமையாக வந்தார். அப்புறம், "மாமா, நம்ம ஊர்ல ரோடு போடறப்போ ஓரமா இறக்கி வெச்சிருப்பாங்களே கல்வெர்ட், அது மாதிரியே இருக்கு" என்றார். தப்பு சொல்ல முடியாது. அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கல்வெர்ட்டை யாரும் இப்படி இடைவெளி அளந்து, மலை தெரிகிற மாதிரி வாயைத் திறந்து வைக்க மாட்டார்கள்.

பிறகு இரண்டு பீரங்கிக் கொட்டகைகள். உள்ளே நூறு அலுமினியப் பெட்டிகள், 1982 முதல் 1986 வரை செய்தவை. இவற்றைச் செய்தது கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லிப்பின்காட் பட்டறை. எல்லாப் பெட்டிக்கும் வெளி அளவு ஒன்றே: 41 அங்குலம், 51 அங்குலம், 72 அங்குலம். உள்ளே மட்டும் நூறும் நூறு விதம். ஒன்றில் நடுவே சாய்வான தகடு, ஒன்றில் மேல் பக்கம் பாதி திறப்பு, ஒன்றில் இரட்டைச் சுவர். பழைய கொட்டகையின் ஷட்டர்களை எடுத்துவிட்டு, நீளம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல் போட்டிருக்கிறார். தட்டைக் கூரை ஒழுகியதால் அதன் மேலேயே அரை உருளை வடிவில் கால்வனைஸ்டு கூரை ஏற்றினார்; கட்டடத்தின் உயரம் இரட்டிப்பானது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் கைதிகளை வைத்திருந்த இடம் அது. சுவரில் ஜெர்மன் மொழி எச்சரிக்கை வாசகங்கள் இன்னும் இருக்கின்றன. ஜட் அவற்றை அழிக்கவில்லை.

தொடக் கூடாது என்று வழிகாட்டும் பெண் இரண்டு முறை சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். பூச்சு இல்லாத அலுமினியத்தில் விரல் ரேகை பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஜட் படைப்பில் ரேகை பட்டதற்காகவே அமெரிக்காவில் கோர்ட்டு வரை போயிருக்கிறார்கள். குனிந்து, விளிம்போடு கண்ணை வைத்து மூலைகளைப் பார்த்தேன். ஆறடித் தகட்டில் ஓர் அலை இல்லை. கொட்டகையில் ஏசி கிடையாது. ஆறடி அலுமினியம் முப்பது டிகிரி வித்தியாசத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டர் நீளும். பாலைவனத்தில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் அதிகம். அப்படியானால் அந்த நூறு பெட்டியும் தினமும் மூச்சு விடுகின்றன!

கொஞ்ச நேரத்தில் வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்தது. எது தகடு, எது தகட்டில் விழுந்த வானம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு பெட்டி கண்ணாடி போலவே ஆகிவிட்டது. பக்கத்துப் பெட்டி கறுத்துப்போய் நிற்கிறது. பொய்த்தோற்றம் வேண்டாம் என்று ஓவியத்தை விட்டு ஓடிய மனிதர், இருபது வருடம் கழித்து இதைச் செய்து வைத்திருக்கிறார். அவருடைய தியரியை ஆதரிப்பவர்கள் இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம் தேவைப்படவில்லை. டிராயிங் ஒன்று சொல்லும், பொருள் இன்னொன்று செய்யும், தினம் பார்க்கிறோம். மாப்பிள்ளையும் அந்தக் கொட்டகையில் கல்வெர்ட் பேச்சு எடுக்கவில்லை.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு இன்னும் தீராத விஷயம். கியூசெப்பே பான்சா என்று ஓர் இத்தாலியச் சேகரிப்பாளர். 1970-களில் ஜட்டிடமிருந்து பல படைப்புகளைக் காகிதத்திலேயே வாங்கினார். அதாவது டிராயிங்கும் சான்றிதழும். பொருளை இவரே செய்துகொள்ளலாம். பான்சா இத்தாலியில் உள்ளூர்ப் பட்டறைகளில் செய்தார். 1989-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கேலரி ஒன்றில் அப்படி ஒன்றைச் செய்து காட்டியபோது ஜட் கொதித்துப்போனார். அது தன் படைப்பே இல்லை, தன் அனுமதி இல்லாமல் செய்தது என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். 1990-ல் நீண்ட கட்டுரை ஒன்றும் எழுதினார். பான்சாவின் சேகரிப்பு கக்கன்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. எதை ஜட்டின் படைப்பாக ஏற்பது, எதைத் தள்ளுவது என்று அவர்கள் 2010-ல் தனி ஆய்வுத் திட்டமே தொடங்க வேண்டியதாயிற்று.

யோசித்துப் பாருங்கள். கை முக்கியமில்லை, டிராயிங் போதும், பட்டறை செய்யும் என்று உலகத்துக்குச் சொன்னவர் இவர். இப்போது அதே டிராயிங், அதே அளவு. ஆனால் இது என்னுடையது இல்லை என்கிறார். வியாபாரியாக நான் பான்சா பக்கம்தான் நிற்க வேண்டும். கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கியவர் ஜட். பட்டறைக்காரனாக என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஒரே டிராயிங்கை இரண்டு பட்டறையில் கொடுத்தால் ஒரே பெட்டி வராது என்பது இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். மடிப்பின் ஆரம் மாறும், தகட்டின் மேல்பரப்பு மாறும், பற்றவைத்த இடத்தில் சூடு இழுக்கும். டிராயிங்கில் எழுத முடியாதவை இவை. பட்டறைக்காரரும் அவரும் நேரில் நின்று பேசி, வருடக்கணக்கில் உருவானவை. தள்ளிவிட்ட தகடு எத்தனை! அந்தப் பேச்சைத்தான் ஜட் தன் கை என்று நினைத்தார் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அதைச் சான்றிதழில் எழுதி விற்க முடியாது என்பது 1970-களில் அவருக்குத் தோன்றவில்லையோ என்னவோ.

1994 பிப்ரவரி 12-ல், 65-வது வயதில், புற்றுநோயால் நியூயார்க்கில் இறந்தார். கட்டடங்களும் நிலமும் நிறைய, ரொக்கம் குறைவு. இருக்கிற இடத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதைக் காப்பாற்றுவதற்கே பணம் வேண்டியிருந்ததால், 2006-ல் ஜட் அறக்கட்டளை அவருடைய முப்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளை ஏலத்தில் விற்றது. 20 மில்லியன் டாலருக்கு மேல் கிடைத்தது. நியாயமா என்று கலை உலகத்தில் சண்டை நடந்தது. ஸ்பிரிங் தெருக் கட்டடத்தைப் பழுதுபார்த்து 2013-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அந்தச் செலவு எங்கிருந்து வரும் என்று சண்டை போட்டவர்கள் சொல்லவில்லை.

உங்களில் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். போகிறவர்கள் கொட்டகைகளுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.  கான்கிரீட் பெட்டிகளைக் காலை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள். தொப்பி அவசியம். புல்லில் பாம்பு இருக்கலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். குனிந்து மூலைகளைப் பாருங்கள்.

கேள்வி இருந்தால் கேட்கலாம்.